தார்ப்பாய்க்குள் இரண்டு வண்டிகள்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், தார்ப்பாய் மூடிக் கிடக்கும் இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது. போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் எனக்குக் கொடுங்கள். ஒன்று புல்லட், மற்றது ஜாவா. பழைய வண்டி சேர்ப்பவர்கள் தேடி அலைவது இவற்றைத்தான்.

புல்லட் இங்கிலாந்தில் பிறந்தது. நம் ராணுவத்துக்காக இங்கே வந்தது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 346 சி.சி., நான்கு ஸ்ட்ரோக். ஜாவா செக்கோஸ்லோவாக்கியா வண்டி. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. 250 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். கிக்கரையே மடக்கினால் அதுதான் கியர் லிவர்! பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும்.

ஓட்டுவதற்கு வேண்டுமென்றால் புல்லட். அதன் உற்பத்தி நிற்கவே இல்லை. மெக்கானிக்கும் உதிரிபாகமும் கிடைக்கும். மைசூர் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. 2018-ல் வந்த புதிய ஜாவாவின் என்ஜினே வேறு. அதன் பாகங்கள் இதற்குப் பொருந்தா. எனவே ஜாவாவில் எல்லாப் பாகமும் அசலாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வயது விஷயத்தில் ஜாவா வெளிப்படை. 1973-ல் அதன் பெயர் யெஸ்டி என்று மாறியது. ஆகவே டேங்கில் அசலாகவே ‘ஜாவா’ என்று இருந்தால் ஏறக்குறைய 50 வயது தாண்டியது. புல்லட்டின் முகமோ பல ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால்தான் வயது தெரியும்.

ஏன் 50? 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸியும் என்ஜினும் மாற்றப்படாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் மார்க்கெட்டுக்குப் போக முடியாது.

இதற்கெல்லாம் பழைய ஆர்.சி. வேண்டும். வங்கியில் கடன் கணக்கு பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35 கொடுக்காவிட்டால், ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு அப்படியே நிற்கும். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். நம் ஜாவாவின் கதை அதுதான். அப்பா ஓட்டிய வண்டி; மகன் வெளியூரில். அவருக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் பிறகு முடிவெடுப்போமே.

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் வாதாடிய ஊர் நம்முடையது. கடைசியில் இருவரும் ஓருருவாய்க் காட்சி கொடுத்தார்கள். புல்லட்டா ஜாவாவா என்ற வழக்குக்கும் என் தீர்ப்பு அதுவே. அடுத்த கூட்டம் வரை இரண்டும் அங்கேயே இருக்கட்டும். உரியவர்கள் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வாருங்கள். படிவம் நிரப்ப நான் உதவுகிறேன்.