கோப்பு வந்து சேர்ந்தால் போதுமா?



பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டை 1972-இல் தொடங்கியது. இன்டெல், ஏ.எம்.டி., போஷ் போன்ற பெரிய நிறுவனங்கள் அப்போதே வந்துவிட்டன. இவற்றுக்கு வேண்டிய அச்சு, இயந்திர உதிரிப்பாகம் எல்லாம் தீவிலும் எதிர்க்கரையில் பிறையிலும் உள்ள சிறு பட்டறைகளில் உருவாகின்றன.

முன்பு பட்டறைக்குத் தாளில் வரைபடம் வந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இப்போது கணினிக் கோப்பு வருகிறது. அதை வரைந்த மென்பொருள்தான் அதை முழுமையாகப் படிக்கும். வேறு மென்பொருளில் திறந்தால் உருவம் தெரியும். ஆனால் எந்தத் துளை எதைச் சார்ந்தது, எந்த அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற விவரங்கள் விடுபட்டுப் போகலாம். எஸ்.டி.எல். வகைக் கோப்பில் அளவு மில்லிமீட்டரா, அங்குலமா என்ற குறிப்பே கிடையாது. தவறாக எடுத்துக்கொண்டால் பொருள் 25.4 மடங்கு மாறிவிடும்!

சிறு பட்டறைக்குத்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானம் 2005 ஏப்ரலில் முதல்முறை பறந்தது. அதனுள் 500 கிலோமீட்டருக்கும் அதிகமான மின்கம்பிகள் ஓடுகின்றன. ஜெர்மனி, ஸ்பெயின் பொறியாளர்கள் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பில் வேலை செய்தார்கள். பிரான்ஸ், பிரிட்டன் பொறியாளர்கள் ஐந்தாம் பதிப்பில். ஒரே மென்பொருள், பதிப்பு மட்டும் வேறு. விளைவு? ஹாம்பர்க்கிலிருந்து வந்த கம்பிக் கட்டுகள் துலூஸ் நகரில் பொருத்தும்போது பொருந்தவில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதல் விமானத்தைப் பெற்றது 2007 அக்டோபரில்தான். 2010 வரையிலான லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று 2006-இல் அறிவிப்பு வந்தது. அந்த ஓராண்டிலேயே ஏர்பஸ் தலைமை நிர்வாகி இருமுறை மாறினார்.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. எல்லா மென்பொருளுக்கும் பொதுவான 'ஸ்டெப்' என்ற அனைத்துலகத் தரம் 1994-இல் வெளிவந்தது. 2014-இல் வந்த அதன் புதிய பகுதி, அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடுகளையும் கோப்போடு கொண்டுசெல்ல வல்லது. ஆனாலும் வடிவமைப்பாளர் படிப்படியாக வரைந்த வரலாறு பொதுவாக அதில் வராது. எனவே பின்னால் ஒரு மாற்றம் செய்ய வேண்டுமென்றால், பல சமயங்களில் முதலிலிருந்து வரைய வேண்டியதுதான்.

ஆகவே, எஃகை வெட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? அளவு எந்த அலகில்? இது கடைசியாகத் திருத்திய கோப்புதானா? அளவு குறித்த வரைபடமும் கூட வருகிறதா? பிறகு, கோப்பைத் திறந்ததும் தெரிந்த ஓர் அளவையாவது வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை இது. கேட்காமல் விட்டால் ஓர் அச்சு பாழாகும். சிறு பட்டறைக்கு அது பல நாள் கூலி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தொழிற்கல்லூரியில் கணினி வடிவமைப்புப் படித்தால், "எந்த மென்பொருள் கற்றாய்?" என்று கேட்கிறோம். மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். "நீ வரைந்ததை அடுத்தவர் தவறில்லாமல் செய்து முடிக்க முடியுமா?" என்று கேளுங்கள். வேலையிடத்தில் அந்தத் திறமைக்குத்தான் மதிப்பு.