தோற்றவர் பின்னே நின்றவர் எங்கே போவர்?

(திருக்கோட்டியூரில் நம் அன்பர்கள் கூட்டிய பொறுப்பாளர் தேர்வுக் கூட்டத்தில், வாக்கெடுப்புக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். கோட்டி என்பது அவையைக் குறிக்கும் சொல். திருக்குறளில் அவையறிதல் என்னும் இயலிலேயே அச்சொல் அப்பொருளில் ஆளப்பட்டிருக்கிறது. பெரியாழ்வார் பாடியதும் திருக்கோட்டியூரைத்தான். அதற்குள் வடவெழுத்தைப் புகுத்திக் கோஷ்டியூர் ஆக்கினார்கள். பின்னர் அந்தக் 'கோஷ்டி' என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்! ஒரே கட்சிக்குள் இருந்துகொண்டு ஒருவரையொருவர் கவிழ்க்கக் கூடும் கூட்டத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. அவை கூடும் ஊர், எழுத்து மாறியதும் பூசலிடும் ஊர் போல் ஒலிக்கிறது.

எழுத்தைப் பற்றி மட்டும் நான் வருந்தவில்லை. உள்ளே நுழையும்போதே பார்த்தேன். இடப்புறப் பாயில் ஒரு சாரார், வலப்புறப் பாயில் ஒரு சாரார். நடுவில் ஒரு பாய் வெறுமையாகக் கிடக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு இருவர் பெயர் வந்திருக்கிறது என்றார்கள். இருவரும் நல்லவர்கள், இருவரையும் எனக்குத் தெரியும். தோற்கப் போகிறவரின் பின்னே இருப்பவர்கள் நாளை என்ன செய்வார்கள் என்பதே என் கவலை. அதைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

அமெரிக்க நாட்டில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கட்சியும் தன் குடியரசுத் தலைவர் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக வாக்கெடுத்துத் தேர்கிறது. முதனிலைத் தேர்தல் என்று அதைச் சொல்லலாம். பல திங்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டவர்கள் பிறகு ஒரே கொடியின் கீழ் நிற்க வேண்டும். நின்றார்களா? 1980இல் கார்ட்டரை எதிர்த்துத் தோற்ற எட்வர்டு கென்னடி, கட்சியின் பெருமாநாடு வரையில் போட்டியைக் கைவிடவில்லை. அவ்வாண்டு இறுதித் தேர்தலில் கார்ட்டர் ஆறே மாநிலங்களில்தாம் வென்றார். கென்னடி ஒருவரே அதற்குக் கரணியம் என்று சொல்வது பிழை. நாட்டில் விலைவாசியும் ஏறியிருந்தது, ஈரானில் அமெரிக்கர் பிணையாகவும் இருந்தனர். எனினும் வீட்டுக்குள் பிளவு இருந்ததை எல்லாரும் கண்டனர். 2008இல் கிளாரி கிளிண்டன் அம்மையார் ஒபாமாவிடம் தோற்றார். கூட்டத்தின் நடுவில் நின்று, ஒபாமாவை ஒருமனதாக ஏற்போம் என்று முன்மொழிந்தவர் அவரே. மறு ஆண்டே ஒபாமா அமைச்சரவையில் வெளியுறவுப் பொறுப்பேற்றார். 2016இல் அதே அம்மையார் வென்றார், சாண்டர்சு தோற்றார். சாண்டர்சுக்கு வாக்களித்தவருள் 100க்கு 12 பேர் அளவில் மாற்றுக் கட்சியின் திரம்புக்கே வாக்களித்ததாக ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பெரும்பாலோர் திரும்பி வருவர், சிலர் வாரார் என்பது அங்கே கண்ட செய்தி. அந்தச் சிலர் எத்தனை பேர் என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது.

நம் நாட்டில் அம்முறை இல்லை. காங்கிரசு என்னும் பேராயக் கட்சி 2014இல் சில தொகுதிகளில் மட்டும் உறுப்பினர் வாக்கால் வேட்பாளரைத் தேர்ந்து பார்த்தது. அவ்வாண்டு இந்தியா முழுவதிலும் அக்கட்சி வென்றவை 44 இடங்கள். அத்தோடு அந்த ஆய்வும் ஓய்ந்தது.

ஆனால் ஒன்று, வாக்கெண்ணித் தலைவனைத் தேர்ந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. 1954ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். இராசாசி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்தது. அவர் பதவி விலகினார். சட்டமன்றக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காமராசர் ஒருபுறம், இராசாசிக்கு நெருங்கிய சி. சுப்பிரமணியம் மறுபுறம். வாக்கெடுத்தார்கள். காமராசருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்பிரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார்.

இனித்தான் செய்தியே இருக்கிறது. தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் நின்ற பத்தவச்சலத்தையும் காமராசர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். நம் இராமநாதபுரத்துச் சண்முக இராசேசுவர சேதுபதியும் அவ்வமைச்சரவையில் இருந்தார். சுப்பிரமணியத்துக்குக் கொடுத்த பொறுப்புகளுள் கல்வியும் ஒன்று. மே 18ஆம் நாள், இராசாசியின் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தவர் யார்? அதே சுப்பிரமணியம்! 41 பேர் எதற்காகத் தோற்றார்களோ, அதை முடித்து வைக்கும் வேலை அவர்கள் தலைவர் கையிலேயே தரப்பட்டது. இதைச் சூழ்ச்சி என்று சொல்வாரும் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்றவனை மூலையில் உட்கார வைத்தால் அவன் பின்னே 41 பேரும் மூலையில் உட்காருவர். பொறுப்பில் வைத்தால் 41 பேரும் வேலைக்கு வருவர். பிற்காலத்தில் அதே சுப்பிரமணியம் தில்லியில் உணவு அமைச்சராய் இருந்து கோதுமை விளைச்சலைப் பெருக்கிய கதையை நீங்கள் படித்திருப்பீர்கள்.

எல்லாரும் வந்துவிட்டார்களா என்றால், இல்லை. இராசாசி வரவில்லை. 1957 தேர்தலின்போது அவர் வழி நின்றவர்கள் காங்கிரசுச் சீர்திருத்தக் குழு என்று தனியே நின்றனர். 1959இல் அவர் தனிக்கட்சியே கண்டார். காமராசரைப் போன்ற ஒருவர், அத்துணை விரிந்த கையோடு அழைத்தும், வாராதார் இருந்தனர் என்பதை மறைக்கக் கூடாது.

அதே 1957 உங்களுக்கு வேறொன்றையும் நினைவூட்டும். அன்று திருக்கோட்டியூர் என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. பக்கத்துச் சிறுகூடற்பட்டியில் பிறந்த கண்ணதாசன் தி.மு.கழகத்துக்காக இங்கே நின்றார், தோற்றார். நான்கே ஆண்டுகள். 1961இல் ஈ.வெ.கி. சம்பத்து கழகத்தை விட்டு வெளியேறியபோது கண்ணதாசனும் உடன் சென்றார். தமிழ்த் தேசியக் கட்சி கண்டார்கள். சம்பத்து எளியவர் அல்லர். சொல்வன்மை மிக்கவர், கழகத்தின் முன்னணியில் நின்றவர். உள்ளே நடந்த போட்டியில் அவர் கை தாழ்ந்தது. வெளியே வந்தால் பாதிப் பேர் பின்னே வருவர் என்று எண்ணினார். வரவில்லை. 1962 தேர்தலில் தி.மு.கழகம் 50 இடங்களைப் பிடித்தது. தமிழ்த் தேசியக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. பிறகு அது காங்கிரசில் கலந்தது. தலைவனை விரும்புகிறவன் எல்லாம் தலைவனோடு வெளியேறுவதில்லை. அவன் ஏந்திய கொடியும், ஒட்டிய சுவரொட்டியும், ஊரில் அவனோடு நின்ற நண்பனும் அவனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

1969இல் அண்ணா மறைந்தபின் நாவலர் நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வராக இருந்தார். தமக்கே அவ்விடம் என்று அவர் எண்ணியது இயல்புதான். சட்டமன்றக் கட்சி கலைஞர் கருணாநிதியைத் தேர்ந்தது. நாவலர் முதலில் அமைச்சரவையில் சேர மறுத்தார். சில திங்களில் இறங்கி வந்தார்; கல்வி அமைச்சரானார், கட்சியின் பொதுச்செயலாளருமானார். 1971இல் கழகம் பெற்ற வெற்றியில் அந்தப் பழைய மனக்கசப்பின் அடையாளமே காணோம். ஆனால் 1977இல் அவர் வெளியேறிவிட்டார். அப்போது அவரோடு எத்தனை பேர் போனார்கள்? எட்டாண்டு கழித்துப் போகிறவனோடு போக, பழைய கூட்டம் காத்திருப்பதில்லை.

வாக்கெண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அ.தி.மு.கழகம் எடுத்துக்காட்டு. ம.கோ. இராமச்சந்திரன் 1987 திசம்பரில் மறைந்தார். சானகி அம்மையார் ஒரு பக்கம், செயலலிதா அம்மையார் மறு பக்கம். யார் பக்கம் தொண்டர் மிகுதி என்பதை உள்ளே எண்ணிப் பார்க்க எவருக்கும் உள்ளமில்லை. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 சனவரித் தேர்தலில் ஒருவர் புறாவோடும் ஒருவர் சேவலோடும் நின்றனர். தி.மு.கழகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்கிலேயே 150 இடங்களை அள்ளிக்கொண்டது. சேவலுக்கு 27, புறாவுக்கு ஓரிரு இடங்கள். ஆண்டிப்பட்டியில் சானகி அம்மையாரே தோற்றார்.

இதை நான் மக்கள் நடத்திய முதனிலைத் தேர்தல் என்பேன். எண்ணிக்கை வெளிவந்ததும் அம்மையார் ஒதுங்கினார், கட்சி ஒன்றாயிற்று, இலை திரும்பி வந்தது. மார்ச்சில் மருங்காபுரியிலும் மதுரைக் கிழக்கிலும் நடந்த இடைத்தேர்தல் இரண்டிலும் வென்றார்கள். ஆண்டு முடிவதற்குள் காங்கிரசோடு சேர்ந்து 39 நாடாளுமன்றத் தொகுதிகளில் 38. சனவரியில் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு சேவலுக்கும் புறாவுக்கும் வாக்குக் கேட்டவர்கள்தாம் அவர்கள்! தோற்றவர் ஒதுங்கி வழிவிட்டால் பின்னே நின்றவர்கள் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. 2022 சூலையில் அதே கட்சியில் நடந்தது வேறு. பொதுக்குழுவில் ஒருவர் நீக்கப்பட்டார். வழக்கு மன்றம் வரை போயிற்று. 2024இல் பக்கத்து இராமநாதபுரத்தில் பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் தனித்து நின்று இரண்டாம் இடம் பெற, அ.தி.மு.கழக வேட்பாளர் மூன்றாம் இடத்துக்குப் போனார். பாரதிய சனதாக் கூட்டணியின் துணை அவருக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வென்றது வேறு கட்சி.

நம் சிவகங்கைத் தொகுதியை விட்டுவிட்டுப் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். 1999இல் இங்கே தமிழ் மாநிலக் காங்கிரசின் சிதம்பரம் மூன்றாம் இடத்துக்குப் போனார். வென்றவர் காங்கிரசின் சுதர்சன நாச்சியப்பன். பிறகு மாநிலக் காங்கிரசு தாய்க்கட்சியில் கலந்தது. 2004இல் தோற்றவருக்குத் தொகுதி தரப்பட்டது, வென்றிருந்தவர் மாநிலங்களவைக்கு அனுப்பப்பட்டார். முணுமுணுப்பு அடங்கியது. 2019இல் அப்படியில்லை. சிதம்பரத்தின் மகன் கார்த்திக்குத் தொகுதி என்று பட்டியல் தில்லியிலிருந்து வந்தது. நாச்சியப்பன் தம் மனக்குறையை வெளிப்படையாகவே சொன்னார். அவர் பக்கம் நின்றவர்கள் தேர்தல் வேலைக்கு வருவார்களா என்று காரைக்குடித் தேநீர்க் கடைகளில் அன்று பேசாதவர் இல்லை. கார்த்தி 3 இலக்கத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு மிகுதியில் வென்றார்.

அப்படியானால் உட்பகை ஒன்றும் செய்யாது என்று கொள்ளலாமா? பொறுங்கள். 2014இல் அதே கார்த்தி அதே தொகுதியில் நான்காம் இடம். அன்று காங்கிரசு தனித்து நின்றது, 2019இல் தி.மு.கழகத்தோடு நின்றது. கூட்டணி வெள்ளம் வரும்போது கரையில் உள்ள ஓட்டை தெரிவதில்லை. 2009இல் சிதம்பரம் வென்ற வேறுபாடு 3,354 வாக்குகள். அத்தகைய ஆண்டில், ஓர் ஒன்றியத்தில் நூறு பேர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாலே போதும். எதிர்த்து வாக்களிக்கவும் வேண்டா. வாக்குச்சாவடியில் முகவராக உட்கார ஆளில்லை, முதியவரை அழைத்துவர ஆளில்லை, அவ்வளவுதான்.

1954இல் 41 பேருக்கும் தாம் தோற்றது எத்தனை வாக்கில் என்பது தெரியும். 2019இல் ஒருவருக்கும் தெரியாது, ஏனெனில் எண்ணவே இல்லை. எண்ணித் தோற்றவனுக்குத் துயரம் இருக்கும். எண்ணாமல் தோற்றவனுக்கு ஐயம் இருக்கும். துயரம் சில நாளில் ஆறும். தமிழ்நாட்டுத் தொகுதிக்கு வேட்பாளர் யார் என்பதைத் தில்லியில் மூடிய அறைக்குள் முடிவு செய்யும் வரையில் அந்த ஐயம் ஆறப் போவதில்லை.

எண்ணினாலே போதும் என்றும் சொல்லேன். 1939இல் காங்கிரசுத் தலைமைக்கு நடந்த போட்டியில் சுபாசு சந்திர போசு ஏறத்தாழ 200 வாக்கு மிகுதியில் பட்டாபி சீதாராமையாவை வென்றார். தோற்ற பக்கத்தில் காந்தியடிகள் இருந்தார். செயற்குழுவினர் விலகிக்கொண்டனர். ஏப்பிரலில் வென்றவரே பதவி விலக வேண்டியதாயிற்று. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவரோடு நின்றதை இப்பகுதியில் சொல்லித் தர வேண்டியதில்லை. தோற்றவர் வலியவராக இருந்து ஒத்துழைக்க மறுத்தால் வாக்குச்சீட்டு வெறுந்தாளாகிவிடுகிறது.

நம்மவர் சிலர் உடனே உத்தரமேரூர்க் குடவோலையைச் சொல்வார்கள். பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. பெருமைதான். ஆனால் அது வாக்கெடுப்பன்று, திருவுளச் சீட்டு. சிறுவன் ஒருவன் குடத்தில் கைவிட்டு ஓலை எடுப்பான். அந்த அவையும் நிலமுடைய பார்ப்பனர் அவையே. உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை. ஒரு நன்மை மட்டும் அதில் உண்டு: பெயர் வாராதவன் எவனையும் பகைக்க இடமில்லை. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை ஓலை கிடையாது என்ற விதியை வேண்டுமானால் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

என் கதை ஒன்று. இளமையில் வேறோர் ஊர்க் கிளையில் இருந்தேன். நான் விரும்பிய நண்பர் நான்கு வாக்கில் தோற்றார். அன்றுமுதல் இதழ்க் கட்டை வாங்கப் பேருந்து நிலையத்துக்கு நான் போகவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை, போகவில்லை, அவ்வளவே. மூன்று திங்கள் கட்டுகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. நாற்பது பேர் படித்துக்கொண்டிருந்த ஊரில் இதழ் நின்றது. தோற்ற நண்பரே ஒருநாள் வந்து கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் நாணுகிறேன்.

சீட்டுகள் மேசைமேல் இருக்கின்றன. இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் வந்து உடனிருந்து எண்ணுங்கள். எண்ணிக்கையை உரக்கப் படியுங்கள். இத்தனைக்கு இத்தனை என்று கரும்பலகையிலும் எழுதுங்கள். பொருளாளர் இடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்று அவைத்தலைவர் சொன்னார். வென்றவர் எழுந்து முதலில் பேச வேண்டியது அந்த இடத்துக்கு யார் என்பதைத்தான். நடுவில் கிடக்கும் அந்தப் பாயில், வாக்களித்துவிட்டு வருகிறவர்கள் வரிசையாக உட்காருங்கள்.