ஒப்பந்தகாரரும் அரசாங்கத்தின் கடமையும்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் மலைவீதியில் உள்ளது ஹுன்னஸ்கிரிய. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இப்பகுதி மக்களுக்கு, தொழிலாளிக்கும் அவன் கூலிக்கும் நடுவே ஒருவர் நிற்பதன் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கங்காணியின் கடனோடு தொழிலாளரைப் பிணைத்து வைத்திருந்த துண்டு முறை, 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

டில்லியில் கங்காணியைப் போன்றவர் ஜமேதார். 1982ஆம் ஆண்டு அங்கே நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்தன. வேலையை நடத்திய அரச நிறுவனங்கள் அதனை ஒப்பந்தகாரரிடம் விட்டன. ஒப்பந்தகாரர் ஜமேதார் மூலம் ஆள் சேர்த்தனர். சட்டப்படி நாட்கூலி 9 ரூபாய் 25 சதம். அதில் தலைக்கு ஒரு ரூபாயை ஜமேதார் எடுத்துக்கொண்டார். மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் நீதியரசர் பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது.

இவர்கள் ஒப்பந்தகாரரின் ஆட்கள், எம்முடைய ஆட்கள் அல்லர் என்று அரச தரப்பு வாதிட்டது. 1982 செப்டெம்பர் 18ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. வேலையை ஒப்பந்தத்தில் விடலாம். தொழிலாளர் சட்டங்கள் பேணப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை அவ்வாறு விட்டுவிட இயலாது என்பது தீர்ப்பின் சாரம். பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரைக் கட்டட வேலையில் அமர்த்துவதும் அரசியலமைப்புக்கு முரணானது என அது கூறியது.

அதனினும் ஆழமான கருத்தொன்று அத்தீர்ப்பில் உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பது கட்டாய உழைப்பாகும் என்றது நீதிமன்றம். அவர்கள் தாமாகவே வந்தார்களே என்று நாம் கேட்கலாம். பசியும் வறுமையும் ஒருவனை நெருக்கித் தள்ளும்போது அதுவும் பலாத்காரமே என்பது நீதிபதிகளின் விடை.

இந்தியத் தீர்ப்பு நமது நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் இங்கும் அரச வைத்தியசாலைகளில் துப்புரவுப் பணியும் காவற்பணியும் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. குறைந்தபட்ச வேதனத்திற்கு 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமும் நம்மிடம் உண்டு. மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே வேலையைக் கொடுக்கும் அதிகாரி, அவ்விலை எவருடைய கூலியிலிருந்து குறைக்கப்பட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். துடைப்பம் பிடிக்கும் கை யாருடைய சம்பளப் பட்டியலில் இருந்தாலும், அது துடைக்கும் தரை அரசாங்கத்தின் தரையே.