ஒலிபரப்புக் கல்வியும் உத்தியோகமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வே குமாஸ்தாவாகச் சேர்ந்தவன், கல்லூரிப் படிப்பைப் பற்றிப் பேசுவது வியப்பாயிருக்கலாம். காரணம் உண்டு. என் மூத்த மகள் ஒலிபரப்புக் கலை பயில விரும்பினாள். "அது சோறு போடுமா, அம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி கூறாது எழுந்து போனாள். அதன் பின்னரே விசாரிக்கத் தொடங்கினேன். அறிந்தவற்றை இங்கு சமர்ப்பிக்கிறேன்.

நம் நாட்டில் முறையான ஒலிபரப்பு 1927-இல் பம்பாயில் தொடங்கியது. 1936-இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் ஏற்பட்டது. அந்நாளில் நல்ல குரலும் மொழிப் பயிற்சியும் உடையோர் நிலையத்தில் சேர்ந்து, வேலை செய்தே தொழிலைக் கற்றனர். இன்றோ கல்லூரிகள் பல. டில்லியில் 1965-இல் தோன்றிய இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம், வானொலி, தொலைக்காட்சி இதழியலைக் கற்பிக்கிறது. ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் 1982-இல் இதற்கென மையம் ஏற்பட்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004-இல் வளாகத்திலேயே சமுதாய வானொலி நிலையம் அமைத்தது. நீரில் இறங்காமல் நீச்சல் வராது. நிலையமுள்ள கல்லூரியே நன்று.

உத்தியோக நிலையை மறைக்கலாகாது. வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளருக்கு மாதத்தில் சில நாட்களே பணி. அழைத்த நாளுக்கே ஊதியம். குரலை மட்டும் நம்புவதும் பிழை. எங்கள் ரயில் நிலையத்தில் முன்பு ஒருவர் அமர்ந்து வண்டிகளின் வரவை அறிவிப்பார். இப்போது பதிவு செய்த சொற்களைக் கணினியே கோத்துச் சொல்கிறது. 2024 மே மாதத்தில் தூர்தர்ஷன் கிசானிலும் செயற்கை அறிவு அறிவிப்பாளர் இருவர் தோன்றினர்.

ஆதலின், மாணவர்கள் செய்தி திரட்டவும், காதுக்கேற்ப எழுதவும், ஒலியைப் பதிந்து தொகுக்கவும் கற்க வேண்டும். அவர்களுக்குப் பண்பலை, தொலைக்காட்சி, விளம்பரம், ஒலிநூல் எனப் பல வாயில்கள் உண்டு. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பல மொழிகளே மூலதனம். பம்பாயில் வளர்ந்த சரோஜ் நாராயணசுவாமி, டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்துத் தமிழகமெங்கும் அறியப்பட்டார். வீட்டில் தமிழ் பேசாவிடில் அம்மூலதனம் கரைந்துவிடும்.

என் மகள் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்தாள். சேமநிதியில் பணம் எடுத்தே கட்டணம் செலுத்தினேன். அவள் எழுதியதை இரவில் உரக்கப் படிக்கிறாள். நான் ழகரம் திருத்துகிறேன். பெற்றோர்களே, பிள்ளைகள் விருப்பத்தைச் சொல்லும்போது மறுப்பதற்கு முன் விசாரியுங்கள். அவ்வளவே என் வேண்டுகோள்.