பரம்பரை அலகு வைத்தியமும் நமது கடமையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பரம்பரை அலகு வைத்தியம் என்பதாகும். தமிழ்நாட்டார் இதனை மரபணுச் சிகிச்சை என்பர். பெயர் புதிதாயினும் இது தீர்க்க முயலுந் துன்பம் மிகப் பழையது. "அந்தக் குடும்பத்தில் அது இருக்கிறதாம்" என்று தாழ்ந்த குரலிற் பேசுவதை நம் ஊர்களிற் கேளாதார் இல்லை. அக்குடும்பத்துப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தோர் படலையோடு திரும்புவதும், அதற்கு அஞ்சி வீட்டார் நோயை மறைப்பதும், மறைத்த நோய் அடுத்த தலைமுறையில் ஒரு குழந்தையின் உடலில் வெளிப்படுவதும் நாம் அறியாதன அல்ல. இத்தகைய நோய்களை மாற்ற முடியுமா? மாற்றுதல் முறையாகுமா? முறையாயின் அந்த நன்மை யாருக்குக் கிடைக்கும்? இம்மூன்று கேள்விகளையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

பரம்பரை அலகு என்பது யாது?

நம் உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. அவற்றுட் பெரும்பாலானவற்றின் கருவில் தாயிடமிருந்து வந்த 23, தந்தையிடமிருந்து வந்த 23, ஆக 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையாலான அவற்றில், இன்ன புரதத்தை இன்னவாறு ஆக்குக என்ற கட்டளைகள் அடங்கியுள்ளன. அத்தகைய ஒரு கட்டளையே ஒரு பரம்பரை அலகு. மனிதனிடம் ஏறத்தாழ 20,000 புரதக் கட்டளைகள் உண்டு.

அவற்றுள் ஒன்றிற் பிழை நேர்ந்தாற் போதும். குருதி உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி என்னும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய கட்டளை கெட்டால் ஈமோபீலியா என்னுங் குருதி உறையா நோய் உண்டாகிறது. மற்றப் பிள்ளைகள் விழுந்தெழுந்து விளையாடும் முற்றத்தில் அந்தப் பிள்ளை முழங்காலில் அடிபட்டால் மூட்டுக்குள்ளே குருதி கசிந்து வீங்கும். இவ்வாறு பலமுறை நேர நேர மூட்டே பழுதாகிவிடும். இந்நோயைப் பெரும்பாலும் தாய்மார் காவிச் செல்கின்றனர், துன்புறுவோர் ஆண்மக்கள். தாய் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை என்பதைப் பலமுறை சொல்லினுந் தகும்.

இதுவரை இருந்த வைத்தியம், இல்லாத புரதத்தை வாழ்நாள் முழுவதும் ஊசி மூலம் ஏற்றுவதாகும். புதிய வைத்தியமோ கெட்ட கட்டளைக்கு ஈடாக நல்ல கட்டளையையே கலத்துக்குட் புகுத்துகிறது. ஒருவனுக்கு நாள்தோறும் அரிசி அளந்து கொடுப்பதற்கும், அவனுடைய தரிசு வயலைத் திருத்தி விதைத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. கட்டளையைச் சுமந்து செல்வதற்கு வைரசையே பயன்படுத்துகின்றனர். கலத்துக்குட் புகும் வித்தையில் அதனை வெல்ல யாருமில்லை. அதன் நோய்செய்யும் பகுதியை நீக்கிவிட்டு, நல்ல அலகை அதில் ஏற்றி அனுப்புகின்றனர்.

பண்டத்தரிப்பும் வேலூரும்

இவையெல்லாம் மேல்நாட்டு விந்தைகள் என்று நாம் ஒதுங்கவேண்டியதில்லை. 1820 ஆம் ஆண்டளவில் நம் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி ஆரம்பித்த அமெரிக்க மிசனரி டொக்டர் ஜோன் ஸ்கடர் என்பவரைப் பெரியோர் அறிவர். அவருடைய பேர்த்தியாரான ஐடா ஸ்கடர் அம்மையார் 1900 ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கிய வைத்திய நிலையமே இன்று கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கடல் கடந்து அங்கே வைத்தியம் பெற்று வந்துள்ளன.

அந்த வேலூரில் டொக்டர் அலோக் சிறீவாஸ்தவா அவர்களும் துணைவரும், அமெரிக்காவின் எமோரிப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, கடுமையான ஈமோபீலியா நோயுற்ற ஐவருக்கு இவ்வைத்தியத்தைச் செய்தனர். நோயாளியின் மூலக் கலங்களை அவரிடமிருந்தே பிரித்தெடுத்து, எட்டாம் காரணிக்குரிய நல்ல அலகை அவற்றுட் புகுத்தி, மீண்டும் அவருக்கே ஏற்றினார்கள். அக்கலங்களுக்கு என்பு மச்சையில் இடம் உண்டாக்கும் பொருட்டு முன்னதாகக் கடுமையான மருந்துகள் கொடுக்கவேண்டியிருந்தது. அதனாற் சில நாட்களுக்குக் குருதிக் கலங்கள் குறைந்து உடல் தளர்வதும் உண்டு. ஆண்டுதோறும் இருபது தடவைக்குக் குறையாமற் குருதிக் கசிவால் வருந்திய அந்த ஐவரும், சிகிச்சையின் பின் கண்காணித்த காலத்தில் ஒருமுறையேனும் வருந்தவில்லை. அக்காலம் ஐவருக்குமாக 81 மாதங்கள். இச்செய்தி 2024 டிசம்பரில் உலகின் முதன்மையான வைத்திய ஏடு ஒன்றில் வெளிவந்தது. ஐவர் என்பது சிறிய தொகை; இன்னும் பல்லாண்டுகள் கண்காணித்த பின்னரே முடிவு கூறலாம். ஆயினும் முதலாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: மாற்ற முடியும்.

வெற்றியுந் தோல்வியும்

இந்த நிலை எளிதில் வந்ததன்று. 1990 செப்டெம்பர் 14 ஆம் நாள் அமெரிக்காவில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற பரம்பரை அலகு வைத்தியம் செய்யப்பட்டது. அவள் பெயர் அஷாந்தி டி சில்வா. நம் நாட்டிற் கேட்டுப் பழகிய பெயர்! நோயெதிர்ப்புச் சக்தி இல்லாது பிறந்த அவள் வளர்ந்து வாழ்ந்தாள். ஆயினும் வழமையான மருந்தும் உடன் கொடுக்கப்பட்டமையால் வெற்றி முழுவதும் புதிய வைத்தியத்தினுடையது என்று கூற இயலவில்லை.

1999 இல் பென்சில்வேனியாவில் ஜெசி ஜெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞன் பரிசோதனைக்கு உடன்பட்டு, ஊசி ஏற்றிய நான்காம் நாள் மாண்டான். அவனது நோய் மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் அடங்கியிருந்த நோய். முன்னர் விலங்குகளிற் கண்ட ஆபத்து, அவன் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரத்திற் சொல்லப்படவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. அதே காலத்திற் பாரிசில் நோயெதிர்ப்பற்ற குழந்தைகளுக்கு இவ்வைத்தியம் பயனளித்தது. ஆனால் புகுத்திய அலகு தகாத இடத்திற் பதிந்தமையால் அவர்களுட் சிலருக்குக் குருதிப் புற்றுநோய் கண்டது. ஒரு குழந்தை இறந்தது. இன்றைய வைத்தியம் பாதுகாப்பில் முன்னேறியிருப்பது இவர்கள் கொடுத்த விலையால் என்பதை நாம் மறத்தலாகாது.

முறையாகுமா?

"அவரவர் வினைப்படி வந்த நோய், அதில் மனிதன் கைவைக்கலாமா?" என்று பெரியோர் சிலர் கேட்பர். கேள்வியை நாம் இகழவில்லை. ஆனால் பாம்பு தீண்டியவனைத் தலைவிதி என்று விட்டுவிடாமல் விஷகடி வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நம் முன்னோர். பரியாரியாரின் குளிசையும், கண்ணுக்கு அணியும் கண்ணாடியும் வினைக்கு மாறாயின அல்ல. நோயுற்றவனுடைய கலத்திலுள்ள பிழையைத் திருத்துதலும் அவ்வாறே. துன்புறுவோனுக்கு உதவுதல் அறம் என்பதில் நம் சமயத்தில் இரு கருத்தில்லை.

எனினும் ஓர் எல்லை உண்டு. நோயாளியின் குருதியிலோ ஈரலிலோ செய்யுந் திருத்தம் அவனோடு முடிகிறது. கருவிலோ, முட்டையிலோ, விந்திலோ செய்யுந் திருத்தம் அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் செல்லும். அவர்களிடம் யார் சம்மதங் கேட்பது? 2018 நவம்பரிற் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் என்பவர், எயிட்ஸ் நோய்க் கிருமி பற்றாதிருக்கும் பொருட்டுக் கருவிலேயே பரம்பரை அலகை மாற்றி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறப்பித்ததாக அறிவித்தார். அக்குழந்தைகளுக்கு நோய் எதுவும் இருக்கவில்லை. நோயைத் தடுக்க வேறு வழிகளும் இருந்தன. உலகம் கண்டித்தது, 2019 இறுதியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இத்தகைய செயலைத் தடுத்துள்ளது. அது சரியென்றே கருதுகிறோம். இன்று நோயைத் தடுக்க என்று திறக்கும் கதவு, நாளை நிறத்தையும் உயரத்தையும் கேட்டு வாங்கும் சந்தையாகலாம். மணப்பெண்ணின் நிறத்தைப் பார்த்துச் சீதனத்தை ஏற்றி இறக்கும் சமூகத்துக்கு இந்த ஆபத்தை விளக்கவேண்டியதில்லை.

சம்மதம் என்பதும் வெறுங் கையொப்பம் அன்று. புரியாத மொழியில் அச்சிட்ட பத்திரத்தில் ஒரு தாய் நடுங்குங் கையோடு ஒப்பமிட்டால், அதனைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நம் இளைஞருக்குத் தமிழிலேயே வைத்தியங் கற்பித்தார். ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அந்த மண்ணில் நிற்கும் நமக்கு, இப்புதிய வைத்தியத்தைத் தமிழில் விளக்க முடியாது என்று கூற நாவெழலாமா?

யாருக்குக் கிடைக்கும்?

இதுவே நம்மை உறுத்தும் கேள்வி. 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஈமோபீலியா 'பி' வகைக்குரிய மருந்தின் விலை 35 இலட்சம் டொலர். தலசீமியா நோய்க்கு 2023 நவம்பரில் முதன்முதலாகப் பிரித்தானியாவில் அனுமதி பெற்ற 'கஸ்ஜெவி' என்னும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 22 இலட்சம் டொலர். நம் நாட்டிலே குருநாகலில் உள்ள தேசிய தலசீமியா நிலையத்துக்கு மாதந்தோறும் குருதி ஏற்ற வரும் பிள்ளைகளின் பெற்றோர் இத்தொகையை எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் முடியும். நோயைத் தீர்க்கும் மருந்து இருந்தும் பணமின்மையால் அது கிட்டாதிருப்பது, மருந்தே இல்லாதிருப்பதிலுங் கொடிது.

ஆயினும் வழி இல்லாமலில்லை. நோயாளியின் வெண்குருதிக் கலங்களிற் பரம்பரை அலகைப் புகுத்திப் புற்றுநோயை எதிர்க்கும் சிகிச்சை ஒன்று பம்பாய் இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் உருவாகி, 2023 ஒக்டோபரில் அனுமதி பெற்றது. அதன் விலை அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. அதுவும் ஏழைக்குப் பெருந்தொகையே. எனினும் நம் பகுதி விஞ்ஞானிகள் நம் பகுதி நோயாளருக்காக உழைத்தால் விலை இறங்கும் என்பதற்கு அதுவே சான்று. இலவச வைத்தியத்தைப் பெருமையாகப் பேசும் நமது நாடு, இத்துறையில் இளைஞரைப் பயிற்றவும் அயல்நாட்டு நிலையங்களோடு கூட்டுறவு கொள்ளவும் முன்வரவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

அதுவரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. தலசீமியாக் காவிகள் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருதற்கு நாலிலொரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே பாட்டனார் வழிவந்த மச்சானும் மச்சாளும் மணக்கும்போது, மறைந்து கிடக்கும் ஒரே குறை இருவரிடமும் இருத்தற்கு இடம் அதிகம். முன்கூட்டி அறிய ஒரு குருதிப் பரிசோதனை போதும். சாதகக் குறிப்பைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதனோடு இதையும் பாருங்கள் என்று பெரியோரை வேண்டுகிறோம். காவி என்பவர் நோயாளி அல்லர். அவரை ஒதுக்கினால் நாளை ஒருவரும் பரிசோதனைக்கு வரமாட்டார்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கிறோம். ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறையேனும் வைத்தியர் ஒருவரை அழைத்துப் பரம்பரை நோய்களைப் பற்றித் தமிழிற் பேசச் செய்தல். இரண்டு, மணம் பேசும் வயதிலுள்ள அங்கத்தவர் தாமே முன்சென்று பரிசோதனை செய்துகொள்ளல். மூன்று, அங்கத்தவர் ஒழுங்காகக் குருதிதானம் செய்தல். புதிய வைத்தியம் நம் பெரியாஸ்பத்திரிக்கு வரும் நாள் எந்நாளோ. ஆனால் தலசீமியாப் பிள்ளைக்கு அடுத்த மாதமே குருதி வேண்டும். அதைக் கொடுக்க நம்மிடம் டொலர் கேட்பார் எவருமில்லை.