இரத்தப் புற்றுநோயும் சான்றுகளைத் தொகுக்கும் கணினியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் நடைபெறவிருக்கும் இம்மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணக்கூடும். யாம் மருத்துவர் அல்லேம். மெட்ரிகுலேஷன் வரை பயின்று, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு பழகி வருபவர். ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட பொருள் மருத்துவத்தைச் சார்ந்திருப்பதுபோலவே கோப்பையும் சார்ந்திருத்தலின், எமக்குத் தெரிந்த அளவில் சில கூற முன்வந்தோம்.

இரத்தப் புற்றுநோயை 1845-ஆம் ஆண்டில் எடின்பரோவில் பென்னட் என்பாரும், பெர்லினில் விர்ஹோ என்பாரும் தனித்தனியே விவரித்தனர். அதற்கு 'லுக்கீமியா' என விர்ஹோ 1847-இல் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'வெள்ளைக் குருதி' என்பது அதன் பொருள். அந்நாளில் உருப்பெருக்கியில் கண்டதே சான்று. பின்னர் 1960-இல் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், ஒருவகை இரத்தப் புற்றுநோயாளரின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குறுகியிருத்தலைக் கண்டனர். 1973-இல் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார், 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டமையே அதற்குக் காரணம் என விளக்கினார். அதனால் விளைந்த பிழையான புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோயின் பெயரைத் துல்லியமாகக் கூறினாலன்றித் துல்லியமான மருந்தில்லை என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

அப்பெயரை இன்று எங்ஙனம் கண்டுபிடிக்கின்றனர்? ஒரே சோதனையால் அன்று. இரத்த அணுக்களின் எண்ணிக்கை முதலில் வரும். கண்ணாடித் தகட்டில் பூசிய குருதியை நோயியல் வல்லுநர் பார்ப்பார். இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி எடுத்த மச்சையில் 500 அணுக்களை எண்ணி, முதிராத அணுக்கள் நூற்றுக்கு எத்தனை எனக் கணக்கிடுவர். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் பொறி, அணுக்களின் மேலுள்ள அடையாளங்களை ஒளிக்கதிரால் ஆராயும். அணுக்களை வளர்த்து 46 குரோமோசோம்களையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது மற்றொரு சோதனை; மரபணுவின் எழுத்துக்களைப் படிப்பது இன்னொன்று. இவற்றுட் சில மறுநாளே வரும். சில பல நாட்கள் எடுக்கும். மரபணுச் சோதனைக்கு வாரக்கணக்கிலும் ஆகும். ஒன்று இவ்வூரில் நடக்கும்; மற்றொன்று வேறு நகரத்துக்கு அனுப்பப்படும்.

தாமதமாக வரும் ஒரு தாளால் விளையும் வேற்றுமையைப் பாருங்கள். ஒருவரது மச்சையில் முதிராத அணுக்கள் 12 சதவீதம் என வைத்துக்கொள்வோம். கடுமையான மைலாய்டு லுக்கீமியா எனப் பெயரிட வழக்கமாக 20 சதவீதம் வேண்டும். ஆதலின் இது அதற்கு முந்திய நிலை எனத் தோன்றும். சில நாள் கழித்து, என்.பி.எம்.1 என்னும் மரபணு மாறியிருக்கிறது என்று அறிக்கை வருகிறது. 2022-இல் வெளியான இரண்டு சர்வதேச வகைப்பாடுகளின்படியும் அந்நோயாளிக்கு உள்ளது கடுமையான லுக்கீமியாவே! அணு மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, ஒரு தாள் சேர்ந்ததும் நோயின் பெயரே மாறிற்று. அத்தாள் வேறு கோப்பில் கிடந்தால் அந்நோயாளியின் கதி என்ன?

இக்குறையை நீக்கவே சான்றுகளைத் தொகுக்கும் மென்பொருள்கள் உருவாகியுள்ளன. அவற்றின் வேலையை நம் அலுவலக வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு பார்சல் காணாமற்போய் இழப்பீடு கோரப்பட்டால், பல நிலையங்களிலிருந்து வரும் கடிதங்களை ஒரே கோப்பில் தேதி வரிசைப்படி கோத்து, பக்க எண்ணிட்டு, அதிகாரியின் மேசைமேல் வைப்பது எழுத்தர் கடமை. முடிவெழுதிக் கையொப்பமிடுவது அதிகாரியின் கடமை. இம்மென்பொருள் அந்த எழுத்தரைப் போன்றது.

நல்ல எழுத்தரிடம் எதிர்பார்ப்பன யாவும் இதனிடத்தும் எதிர்பார்க்கப்படும். முதலாவது, ஒருவர் தாள் மற்றொருவர் கோப்பில் சேரலாகாது. இரண்டாவது, அறிக்கை எழுதிய தேதியை மட்டுமன்றி, மச்சை எடுத்த தேதியையும் கொண்டு வரிசைப்படுத்த வேண்டும். சிகிச்சைக்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் கலந்தால் பெருந்தீங்கு நேரும். மூன்றாவது, தற்காலிக அறிக்கை எது, இறுதி அறிக்கை எது, திருத்தப்பட்டது எது என்று தெளிவாகக் காட்ட வேண்டும். நான்காவது, இன்னும் வாராத அறிக்கை எது என்று நினைவூட்ட வேண்டும். ஐந்தாவது, சுருக்கமாக எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மூலத்தாள் எதுவெனச் சுட்ட வேண்டும். மூலமில்லாத வரியை எவ்வளவு அழகாக எழுதினும் அது சான்றாகாது.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. சான்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் மென்பொருள் அம்முரணை மறைத்தலாகாது. தகட்டில் எண்ணியபோது முதிராத அணுக்கள் 22 சதவீதம். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் 9 சதவீதம் என வந்ததாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தல் பேதைமை. மச்சையோடு குருதி மிகுதியாகக் கலந்திருந்தால் பொறியின் எண் குறைந்து காட்டும் என்பதை நோயியல் வல்லுநர் அறிவார். தகட்டை மீண்டும் பார்ப்பதா, புதிய மாதிரி கேட்பதா எனத் தீர்மானிப்பவர் அவரே. இரண்டு எண்களையும் அவர் கண்முன் அருகருகே வைத்தலோடு கணினியின் பணி முடிகிறது.

எல்லாத் தாளும் சேரட்டும் எனக் காத்திருத்தலும் எப்போதும் நன்றன்று. ஏ.பி.எல். என்னும் ஒருவகை லுக்கீமியாவில் இரத்தப்போக்கு ஏற்பட்டு, சில நாட்களிலேயே உயிர் போகக்கூடும். ஆயினும் வைட்டமின் ஏ-யின் வழிவந்த ஆட்ரா என்னும் மருந்தை உடனே தொடங்கினால் பெரும்பாலோர் பிழைப்பர். ஆகவே, தகட்டைக் கண்டு ஐயம் எழுந்த அளவிலேயே, மரபணு அறிக்கைக்குக் காத்திராமல், மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அத்தருணத்தில் தொலைபேசியை எடுத்து, 'ஐயா, இன்றே தொடங்குங்கள்' என்று சிகிச்சை மருத்துவரிடம் சொல்லும் பொறுப்பு ஒரு மனிதருடையது. எத்துணைச் சிறந்த மென்பொருளும் அப்பொறுப்பை ஏற்கவல்லதன்று.

இனி, நம்மவர்க்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். நாம் பிறந்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் ஒன்று, சிகிச்சைக்குச் செல்லும் ஊர் மற்றொன்று. உள்ளூரில் முதற் சோதனை செய்து, மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கோ, வேலூருக்கோ, 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ செல்கிறோம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் தலையெழுத்தே உண்டு. வடநாட்டுப் படிவங்களோ இரண்டு பெயர் கேட்கின்றன. ஓரிடத்தில் எஸ். இராமலிங்கம், மற்றோரிடத்தில் இராமலிங்கம் சுந்தரம், மூன்றாமிடத்தில் சுந்தரம் இராமலிங்கம்! ஒருவர் கணினியில் மூவராகி விடுகிறார். மணமான பெண்டிர்க்குத் தலையெழுத்தே மாறிவிடுதலும் உண்டு. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துச் சிறுவனுக்கு, வெளியூர் மருத்துவமனை ஒன்றில், தாளிலிருந்த பெயரும் பதிவேட்டுப் பெயரும் ஒவ்வாமையால் இரண்டாம் முறையும் இடுப்பெலும்பில் ஊசி செலுத்த நேர்ந்தது. அப்பிள்ளை பட்ட வேதனையைக் கண்ட தாயின் துயரம் சொல்லுந்தரமன்று.

ஆதலின் இச்சங்கத்துக் குடும்பத்தினர்க்குச் சில வேண்டுகோள் விடுக்கிறோம். எல்லா மருத்துவப் படிவங்களிலும், அடையாள அட்டையில் உள்ளவாறே, ஒரே பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். அரசு வழங்கும் 14 இலக்க ஆபா சுகாதார எண்ணைப் பெற்று, ஒவ்வொரு முறையும் அதனையே கொடுங்கள். ரயில்வே ஊழியர்கள் தம் மருத்துவ அடையாள அட்டையில் குடும்பத்தார் பெயர்கள் சரியாக உள்ளனவா எனப் பாருங்கள். வேறூர் செல்லும்போது அறிக்கைகளோடு கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் ஆய்வகத்தில் கேட்டுப் பெறுங்கள்; அவற்றை மீண்டும் பார்த்தே அங்குள்ள வல்லுநர் முடிவுரைப்பார். தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு பிரதி வீட்டில் வையுங்கள். 'இன்னும் வாராத அறிக்கை ஏதேனும் உண்டா?' என்று மருத்துவரைக் கேட்கத் தயங்காதீர்கள்.

படித்த இளைஞர்களிடமும் ஒன்று கேட்கிறோம். நம் பிள்ளைகள் பலர் மென்பொருட் கம்பெனிகளில் பணிபுரிகின்றனர். காலனியில் எவர்க்கேனும் இந்நோய் வந்துற்றதெனில், அவர்தம் தாள்களைச் சரிபார்த்து, முறைப்படி பதிவு செய்து கொடுக்க ஓரிருவர் முன்வந்தால், பணவுதவியினும் அது பெரிதாகும். மொழி தெரியாத ஊரில் மருத்துவமனை வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அதன் அருமை நன்கு தெரியும். சங்கத்தின் செயற்குழு இதனை ஆராய்ந்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்.

 அனைவரும் நோயற்ற வாழ்வு பெறுக! வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.