பிடித்தவரின் கணக்கு: தர்மராஜ் சேரலாதனும் கபடியின் புகழ் மண்டபமும்

விளையாட்டைப் பற்றிப் பேச வ. புதுப்பட்டியில் ஒரு சொற்பொழிவு வைத்திருக்கிறீர்கள். நேரம் குறைவு, நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

பொருள் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். கபடிக்கென்று ஒரு புகழ் மண்டபம் எழுந்தால், தஞ்சாவூர் மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதனுக்கு அதில் இடம் உண்டா? ‘உண்டு, முதல் வரிசையிலேயே உண்டு’ என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். ‘நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை’ என்பது என் துறை நண்பர்கள் சிலரின் கட்சி. அவர்களில் இருவர் இந்த அவையிலும் இருக்கிறார்கள். வழக்கை இன்று முடித்துவிட வேண்டும் என்றுதான் இந்த அழைப்பை ஏற்றேன்.

நண்பர்கள் கையில் இருப்பது புள்ளிப் பட்டியல். புரோ கபடி லீகில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி பிடித்தெடுத்த புள்ளிகள் ஐந்நூறைத் தாண்டிவிட்டன. மஞ்சீத் சில்லரும் முந்நூற்றைம்பதுக்கு மேல் எடுத்தவர். சேரலாதன் அந்த உயரத்தில் இல்லை. அப்புறம் எதற்கு மண்டபம் என்கிறார்கள்.

அந்தப் பட்டியல் எப்போது தொடங்கியது என்பதை முதலில் பார்ப்போம். லீக் தொடங்கியது 2014 ஜூலையில். சேரலாதன் பிறந்தது 1975 ஏப்ரலில். எண்ணிக்கை தொடங்கிய அன்றே அவருக்கு வயது 39. கால்மூட்டும் தோள்பட்டையும் தேய்ந்து பெரும்பாலான பிடி ஆட்டக்காரர்கள் பயிற்சியாளர் நாற்காலிக்குப் போய்விடும் வயது அது. அவருடைய இருபதுகளும் முப்பதுகளும் மண் தரையில், குழல் விளக்கு வெளிச்சத்தில், எந்தக் கணினியும் கணக்கு வைக்காத ஆட்டங்களில் கழிந்தவை. அந்தக் காலத்தைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, மிச்சத்தை 1992-இல் பிறந்த ஃபசலின் கணக்கோடு நிறுத்துப் பார்ப்பது ஆய்வு ஆகாது.

மணத்தி கணேசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். அர்ஜுனா விருது பெற்றவர். 2025-இல் வந்த ‘பைசன்’ படத்தால் இங்குள்ள சிறுவர்களுக்கும் அவர் பெயர் தெரியும். அவர் பாடிப் போய் எடுத்த புள்ளிகள் எத்தனை என்று யாராவது கேட்டதுண்டா? இல்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள், நாடு ஏற்றுக்கொண்டது. பாடிப் போகிறவருக்குச் சாட்சி போதும், பிடிக்கிறவருக்கு மட்டும் பட்டியல் வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

இனி என் வாதத்தின் நடுத்தூணுக்கு வருகிறேன். வலது கார்னரில், அதாவது சேரலாதன் ஆடிய வலப்பக்க மூலையில், நிற்பவர் என்ன வேலை செய்கிறார்? இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன். நண்பர்களின் பட்டியல் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

ஆடவர் களத்தில் ஓர் அணியின் பாதி ஆறரை மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் மிஞ்சுவது 1.75 மீட்டர். கார்னர் ஆட்டக்காரரின் வாழ்வு முழுக்க அந்தத் துண்டு நிலத்தில்தான். பின்னால் வைத்தால் கோடு, பக்கத்தில் லாபி. ஆள் தொடும்வரை லாபியில் கால் வைத்தால் அவுட். ரெய்டர் முப்பது நொடி பாடுகிறார். போனஸுக்காக ஒரு காலை நீட்டினால் அந்தக் கணுக்காலைக் கார்னர் வாரிக்கொள்ளலாம். நேரம் தவறிப் பாய்ந்தால் ரெய்டருக்கு ஒரு புள்ளி, சங்கிலியில் கைகோத்து நிற்பவரும் சேர்ந்து விழுந்தால் இரண்டு. பாய்வதா, பொறுப்பதா என்ற முடிவுக்கு அரை நொடிகூடக் கிடையாது.

சேரலாதனின் பெருமை பொறுத்த இடங்களில் இருக்கிறது. அவர் பாய்ந்த பிடிகளை ஒளிபரப்பு திரும்பத் திரும்பக் காட்டும். பாயாமல், அரை அடி பின்வாங்கி, தோளை மட்டும் திருப்பி ரெய்டரின் காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திய நேரங்களை யார் காட்டுவார்கள்? அப்படி முடிவது வெற்று ரெய்டு. புள்ளி இல்லை, கைதட்டல் இல்லை. ஆனால் லீக் விதிப்படி ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு வெற்று ரெய்டு போனால், மூன்றாவது ‘டூ ஆர் டை’. அதில் புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. யாரும் தொடாமல் ரெய்டர் தோற்றுத் திரும்பினால் அந்தப் புள்ளி பலகையில் ஏறும். எந்தப் பிடி ஆட்டக்காரரின் தனிக் கணக்கிலும் ஏறாது. இரண்டு ரெய்டுகளை வெறுமையாக்கி, மூன்றாவதில் எதிரியைத் தவறு செய்ய வைத்தவர் மூலையில் நிற்கிறார். பட்டியல் அவருக்குப் பூஜ்யம் போடுகிறது.

2018-இல் யு மும்பா அணியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது கண்முன் வரும். இடது கார்னரில் ஃபசல், வலது கார்னரில் சேரலாதன். ஒருவருக்கு வயது 26, மற்றவருக்கு 43. உள்ளே வரும் ரெய்டர் ஏதாவது ஒரு பக்கம் போயாக வேண்டும். வலப்பக்கம் கதவு சாத்தியிருந்தால் இடப்பக்கம் போவார். அங்கே ஃபசலின் கைகள் காத்திருக்கும். பிடி ஃபசலுடையது, புள்ளியும் அவருடையது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர் மாபெரும் ஆட்டக்காரர். அந்த ரெய்டரை அங்கே அனுப்பிவைத்தவர் யார் என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இரு கார்னர்களில் ஒருவரின் எண்ணிக்கையை மற்றவர் இல்லாததுபோல் தனியே பிரித்தெடுக்க முடியாது. முடியும் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். நம் சண்டையின் வேர் இதுதான்.

ரெய்டுப் புள்ளியையும் பிடிப் புள்ளியையும் லீகே ஒரே தராசில் வைப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரே ஆட்டத்தில் பத்து எடுத்தால்தான் ரெய்டருக்கு ‘சூப்பர் டென்’. ஐந்து எடுத்தாலே பிடிப்பவருக்கு ‘ஹை ஃபைவ்’. பர்தீப் நர்வால் 2017-இல் ஒரே சீசனில் 369 ரெய்டுப் புள்ளிகள் குவித்தார். பிடிப்பவர் ஒருவர் ஒரு சீசனில் நூறைத் தொடுவதே பெரிய செய்தி. பிடி அத்தனை அரிது என்று விதி வகுத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. அமெரிக்கக் கால்பந்துக்கு ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1963 முதல் புகழ் மண்டபம் இருக்கிறது. ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்பே ஓர் ஆட்டக்காரரின் பெயர் பரிசீலனைக்கு வரும். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர் டீக்கன் ஜோன்ஸை அங்கே 1980-இல் ஏற்றார்கள். பந்தை எறியப் போகும் குவாட்டர்பேக்கை எறிவதற்கு முன்பே வீழ்த்துவதுதான் அவர் புகழ். அப்படி வீழ்த்தியதைத் தனி ஆட்டக்காரர் கணக்கில் அந்நாட்டுக் கால்பந்து லீக் அதிகாரபூர்வமாகப் பதிவுசெய்யத் தொடங்கியது 1982-இல்! எண் பிறப்பதற்கு முன்பே ஆளை ஏற்றுக்கொண்டார்கள். 2023-இல் ஏற்கப்பட்ட டாரெல் ரெவிஸ் நின்ற பக்கம் பந்தெறியவே எதிரணிகள் தயங்கின. அந்தத் தயக்கத்தையும் தகுதியாக எண்ணினார்கள். எண்ணுக்குப் பேர்போன அமெரிக்கர்களே அப்படிச் செய்தால், நாம் ஏன் எண்ணை மட்டும் பிடித்துத் தொங்குகிறோம்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைமை: 2016 ஜூலையில் ஐதராபாத்தில் ஜெய்ப்பூரை வென்று புரோ கபடி பட்டம் பெற்ற பாட்னா அணியின் கேப்டன் சேரலாதன். அந்த வெற்றியை அதே அணியின் ரெய்டர் பர்தீப்பின் வெற்றியாக மட்டுமே இன்று நினைக்கிறோம். உலகக் கோப்பை: அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார், வயது 41. நீடிப்பு: 2019-இல் 44 வயதில் ஹரியானா அணிக்குக் கேப்டன். ‘நீடிப்பது வேறு, சிறப்பது வேறு’ என்பார்கள் நண்பர்கள். உடல்மேல் உடல் விழும் ஆட்டத்தில், தன் வயதில் பாதி உள்ளவர்களைக் கணுக்காலில் பிடித்து நிறுத்தும் வேலையில் நீடிப்பதே சிறப்பு. ‘அண்ணா’ என்று வடநாட்டு இளைஞர்களும் அவரை அழைத்தது வயதுக்காக மட்டுமல்ல.

விருதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அர்ஜுனா விருது அண்மை ஆண்டுகளின் ஆட்டத்தைப் பார்த்துத் தருவது. வாழ்நாள் பங்களிப்புக்கான தியான்சந்த் விருதை 2020-இல் மன்பிரீத் சிங்கும், 2023-ஆம் ஆண்டுக்கானதை நம் கவிதா செல்வராஜும் கபடிக்காகப் பெற்றார்கள். அது இப்போது வாழ்நாள் அர்ஜுனா என்று பெயர் மாறியிருக்கிறது. சேரலாதனைப் போன்றவர்களுக்குப் பொருந்தும் வாசல் அது.

இனி செய்ய வேண்டியவை பல. தலைப்புகளை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். வெற்று ரெய்டுகளை எந்தக் கார்னர் உண்டாக்கினார் என்று பதிவுசெய்ய ஒரு முறை வகுக்க வேண்டும். பழைய ஒளிப்பதிவுகளை வைத்தே அதைச் செய்யலாம், இளம் ஆய்வாளர் ஒருவருக்கு முனைவர் பட்டத்துக்கே போதும். மண் தரையிலிருந்து ‘மேட்’ விரிப்புக்கு மாறியபோது பிடி எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். பெண்கள் கபடியில் பிடிப்பவர்களைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. ஊர்த் திருவிழா ஆட்டங்களின் வரலாறும் அப்படியே கிடக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வ. புதுப்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பொங்கல், கோவில் கொடை ஆட்டங்களை நடத்தியவர்களின் வீடுகளில் பழைய ஸ்கோர் நோட்டுகள், நோட்டீஸ்கள், குழுப் புகைப்படங்கள் இருக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். இந்த ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். படத்தில் யார் யார் நிற்கிறார்கள், யார் எந்தக் கார்னரில் ஆடினார் என்று பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.